வளர்ச்சிக்கு விட்ட இரண்டு இஞ்ச்

சுகுமாருக்கு அளவெடுக்க டேப் தேவையில்லை என்று செம்பாக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பிள்ளை கடைவாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அதன் மார்பு எத்தனை, இடுப்பு எத்தனை என்று சொல்லிவிடுவான். கழுத்தில் டேப் தொங்குவதெல்லாம் வந்தவர்களின் மனத் திருப்திக்காக. ஏரிக்குப் போகும் தெருவில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடை. இரண்டு மிஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக். மே மாதம் பிறந்தால் சுற்றுவட்டாரத்து ஐந்து பள்ளிகளின் யூனிஃபார்ம் துணி அங்கேதான் வந்து குவியும்.

அவனிடம் கூட்டம் கூடியதற்குக் காரணம் அவன் உள்ளே துணி விட்டுத் தைப்பதுதான். பாவாடை ஓரத்தில் இரண்டு இஞ்ச், பக்கத் தையலில் ஒன்று, கை மடிப்பில் ஒன்று. பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். "வளர்ற புள்ளைக்கு அளவா தைக்கிறவன் டெய்லர் இல்லக்கா, திருடன். வெட்டுன துணி ஒட்டுமா? வுட்ட துணி எங்கியும் போவாது" என்பான். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவன் வேதம்.

இன்னொரு வேதமும் உண்டு. கண்ணில் பட்டதை வாயில் விடமாட்டான். கடவுள் யாரையும் இரண்டு பக்கமும் சமமாக வெட்டவில்லை என்பது தையற்காரனுக்குத் தெரிந்த அளவுக்குப் பூசாரிக்கும் பாதிரியாருக்கும் தெரியாது. பேங்க் மேனேஜருக்கு ஒரு தோள் இறக்கம். கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பக்கம் மெலிவு. சுகுமார் ஒன்றும் சொல்லமாட்டான். உள்ளே ஒரு பேட் வைத்துத் தைத்து, கண்ணாடி முன்னால் நிறுத்தி, அவர்களையே அவர்களுக்குப் பிடிக்கும்படி செய்து அனுப்புவான். இந்த இரண்டு நல்ல குணங்களும் சேர்ந்துதான் அவன் குடும்பத்தைப் பிடித்தன. கெட்ட குணத்தால் கெடுகிறவனுக்காவது ஊர் நாலு தடவை புத்தி சொல்லும். நல்ல குணத்தால் கெடுகிறவனை யார் தடுப்பார்கள்?

அவனுக்கும் ஷீலாவுக்கும் ஒரே பெண், ஜீவிதா. ஷீலா தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவள். ஜீவிதா ஏழாம் வகுப்பு முடித்த விடுமுறையில் பள்ளிக்கூடம் பிள்ளைகளை ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அழைத்துப்போனது. அங்கே ஒரு பழைய குடோனைப் பத்து மீட்டர் ரேஞ்சாக மாற்றி நடத்திக்கொண்டிருந்தாள் எப்சி. மாநில அளவில் சுட்டவள், முப்பத்தைந்து வயது, முகத்துக்கு நேரே பேசுகிறவள். பத்து நாள் பயிற்சியில் ஜீவிதா சுட்ட குறி அட்டையைப் பார்த்துவிட்டு அவளே கடைக்கு வந்தாள். "அண்ணா, இந்தப் பொண்ணுக்குக் கை நடுங்கவே இல்ல. விட்டுடாதீங்க" என்றாள்.

இரண்டு மாதத்தில் சொந்தத் துப்பாக்கி வேண்டும் என்ற கட்டம் வந்தது. ரேஞ்சில் சுட்டுக்கொண்டிருந்த ஆஸ்டின் என்ற பையன் படிக்கக் கனடா போகிறான், அவனுடைய ஏர் ரைஃபிள் விலைக்கு இருக்கிறது என்றார்கள். ஜெர்மன் துப்பாக்கி, தோளில் பதிகிற பின்பகுதி மரக்கட்டை, பழைய மாடல். ஆஸ்டின் ஆறடிக்கு மேல். ஜீவிதா அப்போது எம்பி நின்றால் அவன் மார்புக்கு வருவாள்.

எப்சி அவளை ரேஞ்சில் நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பதித்து, கன்னத்தைக் கட்டையில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னாள்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல அக்கா. கறுப்பா கீது."

"கழுத்தை நீட்டு. இப்போ?"

"இப்போ குறி பாக்குற ஓட்டை தெரியுது."

எப்சி தலையை ஆட்டினாள். தோளில் பதிகிற தட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் இருந்த ரப்பர் துண்டுகளையெல்லாம் கழற்றி மறுபடி பார்த்தாள். அப்போதும் நீளம்.

"அண்ணா, கட்டையை ரெண்டு இஞ்ச் அறுக்கணும். கண்ணைத் திறந்தா ஓட்டை தானா கண்ணு முன்னாடி இருக்கணும். கழுத்தை நீட்டித் தேடக்கூடாது. அறுக்க மனசு இல்லேன்னா வேற ரைஃபிள் பார்க்கலாம்."

சுகுமாருக்கு நெஞ்சை அறுத்த மாதிரி இருந்தது. "ரெண்டு இஞ்சா! வளர்ற பொண்ணும்மா இது. இன்னிக்கு அறுத்துட்டு நாளைக்கு எங்க போய் ஒட்டறது? ரெண்டு வருஷத்துல அவளே இதுக்கு சரியா வந்துருவா."

"டிரெஸ் பெருசா இருந்தா தொளதொளன்னு தொங்கும், அவ்ளோதான். ரைஃபிள் தொங்காது அண்ணா. உடம்புதான் வளைஞ்சு குடுக்கும்."

சுகுமார் சிரித்தான். அளவைப் பற்றி அவனுக்கே ஒருத்தி பாடம் எடுக்கிறாளே என்ற சிரிப்பு. எப்சியும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பெற்றவன் வாங்குகிறான், பெற்றவன் சொல்கிறான்.

அறுக்காத துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நீளத்தைச் சமாளிக்க ஜீவிதா இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் சாய்த்து, வலது தோளை இறக்கிக் கழுத்தை முன்னால் நீட்டி நின்றாள். தண்ணீர்க் குடத்தை ஒக்கலில் வைத்துக்கொண்டு பின்னால் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்ப்பவள் மாதிரி இருந்தது. முதல் மாதம் பாதி குண்டு அட்டையின் கறுப்பு வட்டத்துக்கு வெளியே வெள்ளையில் போனது. மூன்றாம் மாதம் போகவில்லை. துப்பாக்கி அவளுக்குப் பொருந்தவில்லை, அவள்தான் துப்பாக்கிக்குப் பொருந்திக்கொண்டாள்.

சுடுகிறவர்கள் போடும் விறைப்பான கோட்டுக்குக் கடைகளில் கேட்ட விலையைப் பார்த்துவிட்டு சுகுமார் தானே தைத்தான். எவ்வளவு கனம் இருக்கலாம் என்று விதி உண்டாம். எப்சியிடம் அதைக் கேட்டுக்கொண்டான். தார்ப்பாய் மாதிரி முரட்டு கேன்வாஸ். ஜீவிதாவைத் துப்பாக்கியோடு நிற்கவைத்து, அவள் நின்ற நிலையிலேயே உடம்போடு ஊசி குத்திக் குத்தி அளவு பிடித்தான். மூன்று நாள் வேலை. முடிந்ததும் தரையில் வைத்தான், கோட்டு தானாக நின்றது.

ஷீலா காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது கூடத்து மூலையில் அதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "இன்னாங்க இது, யாரோ கோணிக்கினு நிக்கிற மாரி கீது" என்று அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அது மறுபடி வாசலைப் பார்த்து நின்றது. ஜீவிதா பயிற்சிக்குப் போட்டுப்போய் வந்திருந்தாள், வேறொன்றும் இல்லை. ஆனாலும் ஷீலா அன்றிலிருந்து அந்த மூலையில் விளக்குமாற்றைக்கூட வைப்பதில்லை.

மதிப்பெண் ஏறியது. மாவட்டத்தில் வெண்கலம், அடுத்ததில் வெள்ளி. வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரர் மாலை வாங்கி வந்து போட்டு, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? சின்ன வயசுலயே வளைச்சுட்டப்பா நீ" என்று சுகுமாரைத் தட்டிக்கொடுத்தார். சுகுமாரின் முகம் மலர்ந்தது. அந்தப் பழமொழியை அதற்குப் பிறகு யார் சொன்னாலும் அவன் எழுந்து போய்விடுவான். அது பிந்தைய கதை.

ஒன்பதாம் வகுப்புக்கு யூனிஃபார்ம் தைக்க வேண்டிய மே மாதம். மற்ற பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே அளவெடுப்பவன் தன் பெண்ணுக்கு மட்டும் டேப் வைத்து அளப்பான். அது அவன் கொஞ்சுகிற விதம். கழுத்தெலும்பிலிருந்து இடது தோளுக்கு வைத்தான், வலது தோளுக்கு வைத்தான். பின்னால் போய் நடு முதுகிலிருந்து இரண்டு பக்கமும் வைத்தான். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து வைத்தான்.

"இன்னாப்பா?"

"ஒண்ணும் இல்ல. நேரா நில்லு."

"நேராத்தான் நிக்கிறேன்."

அவள் நேராகத்தான் நின்றாள். வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. இடுப்பில் இடது பக்கம் உள்ளே வாங்கியிருந்தது, வலது பக்கம் மட்டம். கட்டை, என்று நினைத்தான். அந்த இரண்டு இஞ்ச். வெளியே சொன்னால் எப்சி அன்றைக்கே நிறுத்திவிடுவாள். மாநிலப் போட்டி வருகிறது. ஷீலா சாமியாடிவிடுவாள். ஒற்றைப் பெண், முதுகில் குறை என்று தெருவில் ஒரு வாய் சொன்னால் நாளைக்கு நாற்பது வாய் சொல்லும். வளர்கிற பெண்தானே, வளர வளர நிமிர்ந்துவிடுவாள் என்று கடைசியில் தன் பழைய வேதத்திலேயே போய் விழுந்தான்.

அன்று வலது தோளுக்குள் ஒரு மடிப்பு கேன்வாஸ் வைத்துத் தைத்தான். இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் தையலை உள்வாங்கினான். போட்டுப் பார்த்தால் சட்டை தேர்மாதிரி நேராக நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் தைத்ததிலேயே நல்ல சட்டை அதுதான். சொல்லவே வாய் கூசுகிறது, ஆனால் உண்மை.

தீபாவளிக்கு முக்கால் இஞ்ச். பொங்கலுக்கு இன்னும் ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், கூடியது. அடுத்த மே மாதம் முழு இஞ்ச். பேட் இரண்டு மடிப்பாகி, மூன்றாகியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நல்ல தையற்காரனால் முடியும். வீட்டில் போடுகிற நைட்டியிலிருந்து சர்ச்சுக்குப் போகிற சுடிதார் வரை எல்லாம் அவன் கையால் தைத்தது. ஷீலாவின் கண்ணுக்குப் பெண் நேராகவே நடந்துகொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் அவன் கவனித்தான். ஒன்பதாம் வகுப்புப் பாவாடையில் விட்டிருந்த இரண்டு இஞ்ச் மடிப்பை வருஷம் முழுக்க இறக்க வேண்டியே வரவில்லை. பத்தாம் வகுப்புக்கும் அதே நீளம். அவன் தைத்த பாவாடைகளில் மடிப்புப் பிரிக்காத ஒரே பாவாடை அவன் வீட்டில்தான் தொங்கியது. நம்ம வூட்டு ஆளுங்க குட்டைதானே என்று ஷீலா சொன்னதை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

வலி வர ஆரம்பித்தது. இருபது குண்டு சுட்டதும் ஜீவிதா உட்கார்ந்துவிடுவாள். ஐந்து கிலோவைத் தூக்கினால் வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஷீலா தைலம் தேய்ப்பாள், நைட்டிக்கு மேலேயே கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வேலை அலுப்போடு.

ஆகஸ்டில் கோட்டின் ஜிப் அறுந்துபோய் கடைக்கு வந்தது. அன்று ஜீவிதா ரேஞ்சில் கோட்டு இல்லாமல், கிளப்பில் கொடுத்த ரெடிமேட் டீ-ஷர்ட்டோடு சுட்டாள். சுகுமாரின் கை படாத ஒரே சட்டை அது. எப்சி பின்னால் நின்று பார்த்தாள். சுடுவதை நிறுத்தச் சொல்லி, துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு, குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னாள். குனிந்த முதுகில் வலது பக்கம் ஒரு மேடு எழும்பி நின்றது.

எப்சி போன் செய்யவில்லை, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தாள். "அண்ணா, அவ முதுகை நீங்க பார்த்தீங்களா?"

சுகுமார் கத்தரியைக் கீழே வைத்தான். "இன்னா முதுகு?"

"உடனே டாக்டர்கிட்ட போகணும். நான் அன்னிக்கே சொன்னேன், கட்டையை அறுங்கன்னு. நீங்க கேக்கல. நானும் விட்டுட்டேன், என் தப்பும்தான்." அவள் போன பிறகும் சுகுமார் கத்தரியை எடுக்கவில்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினான். பக்கத்துத் தச்சுக்கடையில் ரம்பம் வாங்கி வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியைத் துணி வெட்டும் மேஜைமேல் கிடத்தி, பின்தட்டைக் கழற்றி, சாக்கட்டியால் கோடு போட்டான். இரண்டு இஞ்ச். பழைய மரம், இறுகிப்போயிருந்தது, கால் மணி நேரம் ஆயிற்று. விழுந்த துண்டு துணி சோப்பு அளவுகூட இல்லை. தட்டைத் திரும்ப மாட்டினான். பள்ளிவிட்டு வந்த ஜீவிதாவைக் கடையிலேயே நிறுத்தி, கண்ணை மூடித் தூக்கச் சொன்னான்.

அவள் தூக்கினாள். பழக்கத்தில் முதுகு சாய்ந்தது, கழுத்து நீண்டது. கண்ணைத் திறந்தவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். மூக்கு இரும்பில் இடித்தது.

"ரொம்பக் கிட்ட வருதுப்பா. எனக்கு செட் ஆவல. ஏன்பா அறுத்த?"

அவளுடைய உடம்பு அந்தப் பழைய நீளத்துக்கே தைத்து முடிந்திருந்தது.

அதற்கு மறுநாள் மூன்று பேரும் எலும்பு டாக்டர் சூர்யநாராயணனிடம் போனார்கள். படம் எடுக்க அனுப்பினார். மருத்துவமனையின் பச்சை அங்கியோடு ஜீவிதா பரிசோதனைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சுடிதார் நாற்காலிமேல் மடித்து வைத்திருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். சுகுமார் ஒரு நொடி பார்த்தான். முதுகெலும்பு போட்டிருந்த மாதிரி ஒரு கோணல் கோடு எந்தத் துணியிலும் அவன் பார்த்ததில்லை.

"சார், இது துப்பாக்கியாலதான?" என்றான். இரண்டு நாளாக அவன் தொண்டையில் இருந்த கேள்வி அது ஒன்றுதான்.

"அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "சில பிள்ளைங்களுக்கு வளர்ற வயசுல காரணமே இல்லாம முதுகு வளையும். துப்பாக்கி பிடிக்காட்டியும் இவளுக்கு வந்திருக்கலாம். கட்டை பொருந்தாததால வலி அதிகமாகியிருக்கும், நிக்கிற விதம் கெட்டிருக்கும். ஆனா வளைவுக்கு அதுதான் காரணம்னு நீங்க உங்களைத் திட்டிக்க வேணாம்."

சுகுமார் மூச்சை விட்டான். ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு விட்ட முதல் மூச்சு. அது முழுசாக வெளியே வருவதற்குள் டாக்டர் படத்தின் கீழ்ப்பக்கத்தைப் பேனாவால் தொட்டார்.

"இது இடுப்பெலும்பு. இதைப் பார்த்தா இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி இருக்குன்னு தெரியும். இவளுக்கு ஏறக்குறைய முடிஞ்சுபோச்சு. வளர்ற காலத்துல வந்திருந்தா பெல்ட் போட்டு இதை இதுக்குமேல போகாம நிறுத்திப் பார்த்திருக்கலாம். இப்போ அம்பது டிகிரியைத் தாண்டிடுச்சு. ஆபரேஷன்தான் வழி. கம்பி வெச்சு நிமிர்த்தணும்."

"கம்பி வெச்சா சுடலாமா சார்?" என்று கேட்டாள் ஜீவிதா.

"முதல்ல ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும்மா" என்றார் டாக்டர். அவள் புரிந்துகொண்டாள்.

ஷீலா அழுதுகொண்டே, "யாருக்குமே தெரியல சார். டிரெஸ் போட்டா நேரா இருப்பா. சத்தியமா ஒண்ணுமே தெரியல" என்றாள்.

"எல்லார் வீட்லயும் அப்படித்தான்மா. துணிக்குள்ள இருந்தா தெரியாது. உங்க மேல தப்பில்ல" என்றார் டாக்டர், பேனாவைத் திறந்தபடி. "எப்போ முதல்ல கவனிச்சீங்க? முந்தா நாள்னு போட்டுக்கட்டுமா?"

தப்பிக்கும் வழி திறந்துதான் இருந்தது. தலையை ஆட்டினால் போதும், தப்பில்லாதவனாக வீட்டுக்குப் போகலாம். உலகத்தில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பார்த்ததைச் சொல்லாமல் இருப்பதில் அவனைவிடக் கைதேர்ந்தவன் தாம்பரம் தாலுகாவிலேயே கிடையாது.

"இல்ல சார்" என்றான் சுகுமார். "போன வருஷம் மே மாசம். வலது தோள் அரை இஞ்ச். தீபாவளிக்கு முக்கால். இந்த மே மாசம் ஒரு இஞ்ச். நான்தான் பேட் வெச்சுத் தெச்சேன்."

டாக்டரின் பேனா நின்றது. ஷீலா அவனைப் பார்த்தாள். அழுகை சட்டென்று நின்றுபோனது, அதுதான் பயமாக இருந்தது. "இன்னா சொல்ற நீ?" என்றாள். அவள் அவனை நீ என்று சொன்னதே இல்லை.

ஜீவிதா கையை நீட்டி நாற்காலிமேல் இருந்த சுடிதாரை எடுத்தாள். சந்தன நிறம், அவளுக்குப் பிடித்தது, ஈஸ்டருக்கு அவன் தைத்துக் கொடுத்தது. வலது தோள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இதுலயும் வெச்சிருக்கியாப்பா?"

"வெச்சிருக்கேம்மா."

அவள் அதை மடித்து நாற்காலியிலேயே திரும்ப வைத்தாள். கட்டிலிலிருந்து இறங்கி, "அம்மா, உன் துப்பட்டாவைக் குடு" என்று வாங்கி அங்கிக்குமேல் போர்த்திக்கொண்டாள். துப்பட்டா ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. அப்படியே கதவைத் திறந்துகொண்டு, ஆட்கள் உட்கார்ந்திருந்த வராந்தா வழியாக வெளியே நடந்தாள்.